ஒரு மரபணுதான் புற்றுநோயை நடத்துகிறது என்று நிரூபிப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

புற்றுசெல்லைப் பிரித்துப் பார்த்தால் மாறிப்போன மரபணுக்கள் ஏராளமாகக் கிடைக்கும். சிலவற்றில் எழுத்து மாறியிருக்கும், சில பல பிரதிகளாகப் பெருகியிருக்கும், சில காணாமலே போயிருக்கும். இவற்றில் நோயை உண்மையில் நடத்துவது எது, கூடவே வந்து ஒட்டிக்கொண்டது எது? மூலக்கூறு உயிரியலில் புற்றுநோயைப் படிக்கிற ஒவ்வொருவரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

இதற்கு முழுமையாக விடை கிடைத்த நோய்கள் குறைவு. கிடைத்தவற்றில் மிகத் தெளிவானது நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று. எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய் இது. 1960-இல் ஒரு சின்னக் குரோமோசோமில் ஆரம்பித்த தேடல், 2001-இல் ஒரு மாத்திரையாகி நோயாளிகளின் கைக்கு வந்தது. ஆய்வகத்துக்குள் புதிதாக நுழையும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்து, அந்தத் தேடல் போன வழியிலேயே படிகளை எழுதியிருக்கிறேன். ஆய்வகம் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம், செய்முறை நுணுக்கங்களை மட்டும் தாண்டிப் போங்கள்.

படி 1: எதை நிரூபிக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள்

ஒரு மரபணுமீது சந்தேகம் வந்ததும் நான்கு கேள்விகளைத் தனித்தனியாக எழுதுங்கள். நோயாளிகளிடம் இந்த மாற்றம் தொடர்ந்து காணப்படுகிறதா? அதனால் செல்லுக்குள் ஏதாவது வேலை மாறுகிறதா? நல்ல செல்லில் அதை வைத்தால் நோய் வருகிறதா? நோயுற்ற செல்லில் அதை நிறுத்தினால் செல் சாகிறதா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறைய ஆய்வுகள் முதல் கேள்விக்கு மட்டும் விடை வைத்துக்கொண்டு நான்காவதைப் பற்றிப் பேசுகின்றன.

படி 2: அடையாளத்தைக் கண்ணால் பாருங்கள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெல் ரத்தப்புற்று செல்களை வளர்த்துச் சாயமேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஸ்லைடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். உப்புக் குறைந்த தண்ணீர் செல்லுக்குள் புகுந்து அதை உப்பவைத்ததும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகிடந்த குரோமோசோம்கள் பிரிந்து பரவின. குரோமோசோம் பார்ப்பதில் தேர்ந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து 1960-இல் அவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கிறது என்பதுதான் செய்தி. ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆனது.

குட்டையாக இருந்ததால், ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 13 ஆண்டுகள் அந்த எண்ணம் நீடித்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி ஆக்ஸ்ஃபோர்டில் புதிய சாய முறைகளைக் கற்றுவந்திருந்தார். குரோமோசோமில் பட்டை பட்டையாக அடையாளம் தெரியவைக்கும் முறைகள் அவை. புகைப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்த்தார். 22-ஆம் குரோமோசோமில் குறைந்த அளவு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் கூடியிருந்தது. ஒன்றும் தொலையவில்லை. இரண்டு கயிறுகளின் நுனிகளை வெட்டி மாற்றிக் கட்டியதுபோல இடம் மாறியிருந்தது. 1973-இல் இதை வெளியிட்டார்.

இந்த இடத்தில் ஒரு மாணவர் கற்க வேண்டியது, ரௌலி 22-ஆம் குரோமோசோமை மட்டும் பார்க்காமல், செல்லில் உள்ள 46 குரோமோசோம்களையும் பார்த்தார் என்பதை. உங்கள் சந்தேகத்துக்குரிய மரபணுவை மட்டும் அளந்தால் அதில் மட்டும்தான் மாற்றம் தெரியும். இன்று இதே வேலையை ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்தும், முழு மரபணுத்தொகுதியை வாசித்தும் செய்கிறோம். விதி மாறவில்லை. அதே நோயாளியின் நலமான செல்களைப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் பாருங்கள்.

படி 3: அந்த இடத்தில் என்ன மரபணு என்று கண்டுபிடியுங்கள்

எலிகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் ஏபெல்சன் வைரஸ் ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது சுமந்து திரிந்த மரபணுவின் மனித வடிவம்தான் ஏபிஎல். 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் இது, பிலடெல்பியா குரோமோசோம் உள்ள செல்களில் 22-க்குப் போய்விடுகிறது என்று 1982-இல் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்களின் கூட்டுக்குழு காட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 22-இல் முறிவு எங்கெங்கோ நடக்காமல் ஒரு குறுகிய பகுதிக்குள்ளேயே நடக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தப் பகுதிக்குரிய மரபணு பிசிஆர். கொரோனா காலத்தில் நாம் கேட்டுப் பழகிய பரிசோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு மரபணுக்களும் ஒட்டி ஒரே புரதத்தை உண்டாக்குகின்றன. இனி இதை இணைவுப் புரதம் என்றே சொல்கிறேன்.

ஒரே இடத்தில் முறிவு திரும்பத் திரும்ப வருவது வலுவான தடயம். ஆனாலும் அதுவே நிரூபணம் ஆகாது. மிக நுணுக்கமாகத் தேடினால், நோயே இல்லாத சிலரின் ரத்தத்திலும் இந்த இணைவு கடுகளவு தட்டுப்படும் என்று 1990-களில் தெரியவந்தது. முதல் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 4: செல்களை ஒழுங்காக வளருங்கள்

புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். ஆனால் ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இந்த நோய்க்குப் பெரிதும் பயன்படுவது கே562 என்ற செல் வரிசை. 53 வயதுப் பெண் நோயாளி ஒருவரிடமிருந்து 1970-இல் எடுத்த செல்களின் வழித்தோன்றல். பிளாஸ்கின் அடியில் ஒட்டாமல் மிதந்தே வளரும். ஆர்பிஎம்ஐ-1640 மீடியம், 10 சதவீதம் சீரம், 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு போதும். மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் வைத்திருங்கள். அதற்குமேல் நெருக்கமானால் செல்கள் சோர்ந்துபோகும், அந்தச் சோர்வை மருந்தின் விளைவு என்று நீங்கள் படித்துவிடுவீர்கள்.

செல்கள் வந்த முதல் வாரத்திலேயே இரண்டு சோதனைகள். முதலாவது, இது உண்மையிலேயே அந்தச் செல் வரிசைதானா என்று டிஎன்ஏ கைரேகை பார்ப்பது. இதில் அலட்சியம் வேண்டாம். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை மார்பகப் புற்று என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் நடந்தன, அது தோல் புற்றான மெலனோமாவிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்து வேகமாக வளரும் ஹீலா செல்களும் பல ஆய்வகங்களில் மற்ற செல்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன.

இரண்டாவது, மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத குட்டி பாக்டீரியா இது. பென்சிலின் வேலை செய்யாது, சாதாரண வடிகட்டி தடுக்காது, மீடியம் கலங்கவும் கலங்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். உள்ளுக்குள் செல்லின் உணவு, வளர்ச்சி, மரபணு இயக்கம் எல்லாம் மாறியிருக்கும். புதுச் செல்களை மைக்கோபிளாஸ்மா இல்லையென்று தெரியும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள், பிறகும் குறித்த இடைவெளியில் சோதியுங்கள். பாதிப்பு தெரிந்தால் அந்தச் செல்களை அழித்துவிட்டு, உறையவைத்த பழைய குப்பியிலிருந்து புதிதாக ஆரம்பிப்பதே மேல். இதற்காகவே முதல் வாரத்தில் செல்களைக் கணிசமான குப்பிகளில் 10 சதவீத டிஎம்எஸ்ஓவில் உறையவைத்து லிக்விட் நைட்ரஜனில் போட்டுவைக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு எச்எல்-60 செல்லையும் வளருங்கள். அதுவும் மைலாய்டு ரத்தப்புற்றுதான், ஆனால் இணைவுப் புரதம் கிடையாது.

படி 5: புரதம் என்ன செய்கிறது என்று பாருங்கள்

ஏபிஎல் ஒரு கைனேஸ். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறு புரதங்களின்மேல் ஒட்டும் என்சைம். அது ஒட்டுவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில். டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் என்பதே 1979-இல்தான் தெரியவந்தது. சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் பயன்படுத்திய பஃபர் பழசாகி, அதன் பிஎச் சற்றுக் குறைந்திருந்தது. அதனால் அதுவரை ஒன்றாகவே ஓடிய இரண்டு புள்ளிகள் பிரிந்து தெரிந்தன. 1984-இல் ஓவன் விட்டேயின் குழு, கே562 செல்லில் 210 கிலோடால்டன் எடையுள்ள ஏபிஎல் புரதம் இருப்பதையும், வழக்கமான 145 கிலோடால்டன் புரதத்தைப் போலன்றி அது தீவிரமாக பாஸ்பேட் ஒட்டுவதையும் காட்டியது.

இதை நீங்கள் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கலாம், புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி அடையாளம் காணும் முறை அது. சில நுணுக்கங்கள் உண்டு. 210 கிலோடால்டன் பெரிய புரதம், 6 முதல் 8 சதவீத ஜெல் வேண்டும். ஜெல்லிலிருந்து சவ்வுக்கு அவசரமாக மாற்றாமல், குளிர் அறையில் இரவு முழுக்க மெதுவாக மாற்றுங்கள். செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் இல்லையென்றால் செல்லின் சொந்த என்சைம்களே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். சவ்வை பிளாக் செய்யப் பால்பொடி வேண்டாம். பாலில் உள்ள கேசின் தானே பாஸ்பேட் சுமந்த புரதம் என்பதால் பின்னணி கருத்துவிடும். ஆல்புமின் பயன்படுத்துங்கள்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து நேரடியாகச் செல் எடுத்தால் இன்னும் கவனம் தேவை. வெள்ளையணுக்களில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம்கள் நிறைய. மென்மையான கரைசலில் உடைத்தால் இணைவுப் புரதம் கண்முன்னே கரைந்துபோகும், நீங்களும் இந்த நோயாளியிடம் அது இல்லை என்று எழுதிவிடுவீர்கள். எஸ்டிஎஸ் கரைசலில் போட்டு உடனே கொதிக்கவையுங்கள். ஒருவர் உடல்நலமில்லாத நிலையில், தனக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டுக் கொடுத்த ரத்தம் அது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அவருடைய சம்மதமும் வாங்கிவிட்டதோடு நம் கடமை முடிவதில்லை. அதை வீணாக்காத அளவுக்குக் கைப்பழக்கம் வந்தபிறகுதான் தொட வேண்டும்.

படி 6: நல்ல செல்லில் வைத்துப் பாருங்கள்

பா/எஃப்3 என்ற எலி செல்கள் ஐஎல்-3 என்ற வளர்ச்சிக் காரணி இல்லாமல் வாழாது. அவற்றுக்குள் இணைவுப் புரதத்தின் மரபணுவைச் செலுத்திவிட்டு ஐஎல்-3-ஐ நிறுத்தினால், அவை தாமாகவே வளர ஆரம்பிக்கின்றன. இந்தச் சோதனையில் கூடவே கட்டாயம் வைக்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. ஏடிபியைப் பிடிக்கும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, கைனேஸ் வேலையை மட்டும் முடக்கிய இணைவுப் புரதம். அதே அளவு புரதம் இருந்தும் செல்கள் இறந்தால்தான், வளர்ச்சிக்குக் காரணம் கைனேஸ் வேலை என்று சொல்ல முடியும்.

பிறகு உயிருள்ள விலங்கு. 1990-இல் ஜார்ஜ் டேலி, ரிச்சர்ட் வான் எட்டன், டேவிட் பால்டிமோர் மூவரும் எலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் இந்த மரபணுவை வைத்து, கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினார்கள். மனிதருக்கு வருவதைப் போன்ற நோய் எலிகளுக்கு வந்தது. மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தது, முதல் அடையாளம் தெரிந்து 30 ஆண்டுகள் கழித்து.

படி 7: அதை நிறுத்திப் பாருங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன, ஏறக்குறைய எல்லாமே ஏடிபியைத்தான் பிடிக்கின்றன. ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து சாத்தியமே இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. பாசலில் சிபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழுவும் வேதியியலாளர் யூர்க் சிம்மர்மனும் ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, ஒரு மெத்தில் இங்கே, ஒரு வளையம் அங்கே என்று மாற்றி மாற்றி, தேவையற்ற கைனேஸ்களைத் தொடாத வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் இமாட்டினிப் என்று அறியப்பட்டது அதுதான். ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் பிரையன் ட்ரக்கர் அதை நோயாளிகளின் செல்களில் சோதித்தார். 1996-இல் வந்த முடிவின்படி, இணைவுப் புரதம் உள்ள செல்களின் காலனிகள் 92 முதல் 98 சதவீதம் குறைந்தன. நலமான காலனிகள் குறையவில்லை.

உங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்வது எளிது. கே562-க்கும் எச்எல்-60-க்கும் 0.01 முதல் 10 மைக்ரோமோலார் வரை இமாட்டினிப் கொடுத்து, 72 மணி நேரம் கழித்து அளவிடுங்கள். மருந்து கரைத்த திரவத்தை மட்டும் கொடுத்த குழி ஒன்று கட்டாயம். எம்டிடி சோதனை செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கிறது. செல் செத்ததா, சோர்ந்ததா என்று தெரிய அனெக்சின் சாயத்தோடு ஃப்ளோ சைட்டோமெட்ரி பாருங்கள்.

கே562 சாகும், எச்எல்-60 பிழைக்கும். அதோடு நிரூபணம் முடிந்ததா? முடியவில்லை. மருந்து செல்லைக் கொல்கிறது என்பதும், நீங்கள் நினைத்த இலக்கின் வழியாகத்தான் கொல்கிறது என்பதும் இரண்டு வேறு செய்திகள்.

மெல்க் என்ற கைனேஸின் கதையை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பல புற்றுகளுக்கு இது இன்றியமையாதது என்று கட்டுரைகள் குவிந்திருந்தன, இதைத் தடுப்பதாகச் சொன்ன மருந்து ஒன்று நோயாளிகளிடம் சோதனைக்கே போயிருந்தது. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜேசன் ஷெல்ட்சரின் குழு, வேறொரு ஆய்வில் ஒப்பீட்டுக்காக மட்டும் மெல்க்கை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் வெட்டியது. செல்கள் ஒன்றும் ஆகாமல் வளர்ந்தன. அப்புறம் மெல்க்கே இல்லாத அந்தச் செல்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தார்கள். வழக்கம்போலச் செத்தன. அப்படியானால் மருந்து வேறு எதையோ தாக்கிக்கொண்டிருந்தது. 2017-இல் இது வெளியானது. அந்தச் சோதனையில் தங்கள் உடலைக் கொடுத்த நோயாளிகளை நினைத்தால், ஒரு கண்ட்ரோலை, அதாவது ஒப்பீட்டுச் சோதனையை, விட்டுவிடுவதை யாரும் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே மூன்று திசைகளிலிருந்து சரிபாருங்கள். ஒன்று, செல்கள் சாவதற்கு முன்பே இலக்கின் வேலை நிற்கிறதா? இந்த நோயில், இணைவுப் புரதம் பாஸ்பேட் ஒட்டும் சிஆர்கேஎல் என்ற புரதத்தின் பாஸ்பேட் சில மணி நேரத்தில் குறைய வேண்டும். இரண்டு, இணைவுப் புரதத்தால் வளரும் பா/எஃப்3 செல்லுக்கு மருந்தோடு ஐஎல்-3-ஐயும் கொடுங்கள். செல்கள் பிழைத்தால் மருந்து வெறும் விஷமில்லை. மூன்று, மருந்து இல்லாமல் மரபணுவையே முடக்குங்கள்.

மூன்றாவதில் கே562 ஒரு பொறி வைத்திருக்கிறது. அந்தச் செல்லில் இணைவு மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. கிரிஸ்பர் அத்தனை பிரதிகளிலும் வெட்டும்போது, அந்த டிஎன்ஏ சேதமே செல்லைச் சோர்வடையவைக்கும். அங்கே எந்த மரபணுவை வெட்டினாலும் இன்றியமையாததுபோலத்தான் தெரியும். அதே பெருகிய பகுதியில், மரபணு எதுவும் இல்லாத இடத்தில் வெட்டுவதை ஒப்பீடாக வையுங்கள்.

படி 8: நோயாளியிடமிருந்து திரும்பக் கற்றுக்கொள்ளுங்கள்

நோயாளிகளிடம் இமாட்டினிப்பின் முதற்கட்டச் சோதனை 1998 ஜூனில் தொடங்கியது. தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த, நாள்பட்ட நிலையில் இருந்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை முற்றிலும் சீரானது. அதுவரை இன்டர்ஃபெரான், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று அல்லாடிய நோய் இது. 2001 மே 10 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் விலை குறைந்த வடிவங்கள் நிலைத்ததற்குப் பின்னால் சென்னைக்கும் பங்கு உண்டு. இந்த மருந்தின் படிக வடிவத்துக்கான காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பு உறுதியானது.

ஆனால் ஆய்வாளருக்கு மிக வலுவான சான்று மருந்து வேலை செய்தபோது வரவில்லை, தோற்றபோது வந்தது. நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு முதலில் குணம் தெரிந்து, பிறகு நோய் திரும்பியது. சார்ல்ஸ் சாயர்ஸின் குழு அப்படிப்பட்ட நோயாளிகளின் செல்களை ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. மரபணுவை வாசித்துப் பார்த்த 9 பேரில் 6 பேரிடம் ஒரே மாற்றம். ஏபிஎல் புரதத்தின் 315-ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்திருந்தது. மருந்து பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு அந்த திரியோனினோடுதான். அது போனதும் மருந்துக்குப் பிடிமானம் இல்லை, புரதத்தின் வேலை மட்டும் தொடர்கிறது. வேறு சிலரிடம் இணைவு மரபணு பிரதிகள் பெருகியிருந்தன.

கவனியுங்கள், புற்றுசெல் தப்பிக்க எத்தனையோ வழிகள் இருக்க, அதே புரதத்தை மீண்டும் இயக்கும் வழியைத்தான் தேர்ந்தது. அந்தப் புரதம் இல்லாமல் அதனால் வாழ முடியவில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அதனால் உங்கள் ஆய்விலும் இதைச் செய்யுங்கள். மருந்து பிடிக்காதபடி மாற்றிய இலக்கைச் செல்லுக்குள் வைத்து, அதே மருந்தைக் கொடுங்கள். செல் பிழைத்தால் உங்கள் இலக்கு சரி. பிழைக்காவிட்டால் மருந்து வேறெங்கோ அடிக்கிறது, கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டு படி 7-க்குத் திரும்புங்கள்.

315-ஆம் இட மாற்றத்தை அடுத்து வந்த டாசாட்டினிப்பும் நிலோட்டினிப்பும் வெல்லவில்லை. 2012-இல் அனுமதி பெற்ற பொனாட்டினிப் வென்றது. 2021-இல் வந்த ஆசிமினிப் ஏடிபி பிடிக்கும் இடத்தையே விட்டுவிட்டு, புரதத்தின் வேறொரு குழியில் போய் உட்காருகிறது.

இன்னும் தீராத ஒன்றும் இருக்கிறது. ரத்தத்தில் நோயின் தடயமே தெரியாத நிலையை நீண்ட நாள் தக்கவைத்தவர்கள் மருந்தை நிறுத்தினால், ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் நோய் திரும்பாமல் இருக்கிறது. மஜ்ஜையில் ஒளிந்திருக்கும் ரத்தப்புற்றின் தண்டுச்செல்கள், இணைவுப் புரதத்தின் வேலை நின்றபோதும் சாகாமல் இருக்கின்றன. கே562-இல் கிடைத்த விடை அந்தச் செல்களுக்குப் பொருந்தவில்லை. புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. படி 1-இன் நான்கு கேள்விகளையும் அந்தச் செல்களுக்காகத் தனியாக எழுதி ஆரம்பியுங்கள்.